நெய்வேலி நிறுவனப் பங்கு விற்பனை, 2013

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் (என்.எல்.சி.) நடுவண் அரசு வைத்திருந்த பங்குகளில் 3.56 விழுக்காட்டைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்கள் 2013 ஆகத்தில் வாங்கின. பங்குகள் எந்தக் கணக்கில், எந்த வகையில் பதிவாகின்றன என்பது ஒரு நகரியத்தின் போராட்டத்தையே முடித்துவைத்த நிகழ்வு இது.

பின்னணி

1956 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் பங்குகளை விற்கும் முயற்சியைத் தொழிலாளர்கள் தனியார்மயத்தின் முதற்படியாகவே கருதினர். 2006 இல் 10 விழுக்காட்டை விற்க எடுத்த முடிவு, வேலைநிறுத்தத்தாலும் தி.மு.க.வின் எதிர்ப்பாலும் நிறுத்திவைக்கப்பட்டது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 விழுக்காடு பங்குகள் பொதுப் பங்குதாரர்களிடம் இருக்க வேண்டும் என்று 2010 இல் விதி வகுக்கப்பட்டது. அதற்கான கெடு 2013 ஆகத்து. அப்போது நடுவண் அரசிடம் 93.56 விழுக்காடு இருந்தது. எனவே 3.56 விழுக்காட்டைக் கைமாற்றியாக வேண்டியிருந்தது. 2013 சூலை தொடக்கத்தில் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

தீர்வு

அப்பங்குகளைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா முன்மொழிந்தார். இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் (செபி) இதை ஏற்றது. வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. டிட்கோ, சிப்காட், தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் பங்குகளை வாங்கின.

கணக்குப் பதிவு

நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 167.77 கோடி. அவற்றில் 3.56 விழுக்காடு என்பது சுமார் 5.97 கோடி பங்குகள். பங்கு ஒன்று 60 ரூபாய் வீதம் மதிப்பு ஏறத்தாழ 358 கோடி ரூபாய். முதலீட்டுப் பட்டியல் ஒன்றில் எழுதுவதானால், வாங்கிய ஐந்து நிறுவனங்களுக்கும் தனித்தனி வரி வேண்டும். எண்ணிக்கை, வாங்கிய விலை, முதலீடு ஆகியவை ஒவ்வொன்றுக்கும் தனியே வரும்.

இங்கு முக்கியமானது வகைப்பாடு. என்.எல்.சி.யின் நிறுவுநர் (புரமோட்டர்) நடுவண் அரசு. மாநில அரசின் நிறுவனங்கள் அந்த வகையில் சேராமல் 'பொதுப் பங்குதாரர்' என்ற வகையில் சேர்ந்தன. இதனால் விதியும் நிறைவேறியது. பங்குகள் தனியார் கைக்கும் போகவில்லை.

பின்னர்

இத்தீர்வு அந்த 3.56 விழுக்காட்டுக்கு மட்டுமே பொருந்தியது. நடுவண் அரசு அதன் பிறகும் தன் பங்குகளைச் சந்தையில் விற்றது. 2024 மார்ச்சு விற்பனைக்குப் பின் அதன் பங்கு சுமார் 72 விழுக்காடாகக் குறைந்தது.