முகவரிப் பெயர்ப்பு: ஒரு வரலாற்று நோக்கு

தற்காலிகமாகச் செய்யப்படும் ஏற்பாடுகள் சில, காலப்போக்கில் நிலைபெற்றுவிடுவதை வரலாற்றிலே பரக்கக் காணலாம். இணையத்தின் முகவரிப் பெயர்ப்பு முறையும் அத்தகையதொன்றே. அது நிலைபெற்ற காரணத்தையும், அதனால் ஏற்பட்ட இழப்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1981 செப்ரெம்பரில் வெளியான இணைய நெறிமுறை, முகவரி ஒவ்வொன்றுக்கும் 32 இரும இலக்கங்களை வகுத்தது. இதனாற் கிடைக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. அன்றைய உலக மக்கள் தொகையினும் இது குறைவாகும். எனினும், ஆய்வு நிலையங்கள் சிலவற்றையே இணைக்க முனைந்தோர்க்கு இது வற்றாத சுரங்கமாகத் தோன்றியது. பங்கீட்டிலே சிக்கனம் பேணப்படவில்லை. மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் ஒன்றுக்கே 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் வழங்கப்பட்டிருந்தன. முந்தி வந்தோர் மிகுதியாகப் பெற, பிந்தி வந்தோர் எஞ்சியதைப் பகிரவேண்டிய நிலை இவ்வாறு தோன்றியது.

1990களின் தொடக்கத்திற் பற்றாக்குறை உணரப்பட்டது. 1994 மே மாதத்தில் எகெவாங், பிரான்சிஸ் ஆகிய இருவர் ஒரு வழியை ஆவணப்படுத்தினர். நிறுவனங்கள் பலவும் தத்தம் எல்லைக்குள் ஒரே முகவரிகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். வெளியே செல்லும் பொதியின் முகவரியை எல்லையிலுள்ள கருவி மாற்றிவிடும் என்பதே அதன் சாரம். இது குறுங்காலத் தீர்வு என்பதை அவர்களே எடுத்துரைத்தனர். 10, 192.168 முதலியவற்றில் தொடங்கும் முகவரிகள் இவ்வாறான உட்பயன்பாட்டுக்கென 1996 பெப்ரவரியில் உறுதிசெய்யப்பட்டன.

வலையமைப்பு ஆளிகள் சிலவும் இப்பணியைச் செய்வன. ஆளியின் எத்துறை உட்புறத்தது, எது வெளிப்புறத்தது, எம்முகவரிகள் மாற்றத்தக்கவை என்பவற்றைப் பராமரிப்பாளர் முதலில் விதித்தல் வேண்டும். அதன்பின் ஒவ்வோர் உரையாடலும் அட்டவணையிற் பதியப்படும். குறித்த நேரம் மௌனமாயிருந்தால் அப்பதிவு நீக்கப்படும். நேரம் குறுகின் உயிருள்ள தொடர்பு அறுபடும். நீளின் அட்டவணை நிரம்பி, புதிய தொடர்புகளுக்கு இடமிராது. உள்ளேயுள்ள சேவைக் கணினியை வெளியார் அணுகவேண்டுமாயின், அதற்கு நிலையான பதிவொன்றைத் தனியே எழுதுதல் அவசியம்.

128 இரும இலக்கங்கள் கொண்ட புதிய நெறிமுறை 1995 டிசெம்பரிலேயே விதந்துரைக்கப்பட்டிருந்தும், பெயர்ப்பு மறையாதது ஏன்? புதிய நெறிமுறை பயன்தர இரு முனைகளும் மாறவேண்டும். பெயர்ப்போ, ஒருவர் தம் எல்லையில் மட்டும் செய்துகொள்ளக்கூடியது. பயனும் உடனே கிடைப்பது. அதன் நிலைபேற்றுக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

2011 பெப்ரவரி 3ஆம் திகதி உலகப் பொதுக் கையிருப்பின் இறுதித் தொகுதிகள் பிராந்தியங்களுக்குப் பகிரப்பட்டன. இலங்கையும் உள்ளடங்கும் ஆசிய பசிபிக் பிராந்தியம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதியை அளந்து வழங்கத் தொடங்கியது. சேவை வழங்குநர் பல வீடுகளை ஒரே முகவரியின் பின் வைக்கும் வழக்கத்துக்கென, 2012இல் தனித் தொகுதியொன்றும் ஒதுக்கப்பட்டது. ஒருவர் செய்த தவறுக்காக அம்முகவரி தடைசெய்யப்படின், அதைப் பகிரும் அயலாரும் பாதிக்கப்படுவர்.

முதலில் பேசியவருக்கு வரும் மறுமொழியையே அட்டவணை அறியும். அழையாது வருபவரை அது அறியாது. பெயர்ப்பின் பின்னிருப்பவர் பிறரை நாடிச் செல்லலாம். பிறர் அவரை நாடி வருவதற்கோ இன்னொருவரின் இசைவு வேண்டும். எல்லா முனைகளும் சமமானவை என்ற தொடக்ககாலக் கொள்கை இவ்வாறே தளர்ந்தது. சிக்கனமின்றிச் செய்யப்பட்ட ஆதிப் பங்கீட்டின் விலையைப் பிந்தி வந்தோரே செலுத்துகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.