ஒன்பது என்ற எண்: அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதன் சுற்றுகளும்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் இருப்பது அரசியலமைப்பின் கட்டளை என்று பலரும் எண்ணுகிறார்கள். அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்பில் அந்த எண்ணே கிடையாது. உச்ச நீதிமன்றம் ஒன்று இருக்கும், கீழமை நீதிமன்றங்களைக் காங்கிரஸ் அமைத்துக்கொள்ளலாம், நன்னடத்தை உள்ளவரை நீதிபதிகள் பதவியில் நீடிப்பார்கள் என்பதோடு அது நின்றுவிடுகிறது. நீதிபதிகளின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் தீர்மானித்தது பயணம்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் 13 மாவட்ட நீதிமன்றங்களையும் மூன்று சுற்றுகளையும் ஏற்படுத்தியது. சுற்று நீதிமன்றங்களுக்கெனத் தனி நீதிபதிகள் இல்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் ஊர் ஊராகச் சென்று, மாவட்ட நீதிபதியோடு அமர்ந்து விசாரிக்க வேண்டும். மூன்று சுற்றுக்கு இருவர் வீதம் ஆறு பேர். சாலை வசதியற்ற அந்நாளில் இது பெருந்தொல்லை; 1793இல் ஒருவர் சென்றால் போதும் என்று தளர்த்தினார்கள். தொல்லையைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. சுற்றில் தீர்ப்பளித்த அதே நீதிபதி, மேல்முறையீடு வந்தால் தலைநகரிலும் அமர முடிந்தது. முதல் தலைமை நீதிபதி ஜான் ஜே, 1800இல் அப்பதவி மீண்டும் தேடி வந்தபோது மறுத்ததற்கு இந்த அமைப்பின் மீதிருந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம்.

நாடு மேற்கே விரிய விரியச் சுற்றுகளும் கூடின. 1807இல் நீதிபதிகள் ஏழு பேர், 1837இல் ஒன்பது பேர். அலபாமா, லூசியானா, மிசிசிப்பி, ஆர்கன்சா அடங்கிய புதிய ஒன்பதாம் சுற்று நீதிபதி ஜான் மெக்கின்லியின் தலையில் விழுந்தது. 1838இல் அவர் கடந்த தொலைவு 10,000 மைல் என்று கணக்குக் காட்டப்பட்டது. சுற்றுகளின் எல்லைக்கோடு அரசியலையும் சுமந்தது. அந்த ஒன்பது சுற்றுகளில் ஐந்து முழுக்க அடிமை முறை நிலவிய மாநிலங்களால் ஆனவை. சுற்றுக்கு ஒரு நீதிபதி, அவரும் அந்தப் பகுதிக்காரர் என்ற வழக்கத்தால் தெற்கின் பெரும்பான்மை நீதிமன்றத்துக்குள்ளேயே கட்டமைக்கப்பட்டது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அடிமை முறைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த அமர்வில் ஐவர் தென்னாட்டவர். உள்நாட்டுப் போரின் நடுவே, 1862இல் காங்கிரஸ் தென்னகச் சுற்றுகளை மூன்றாகச் சுருக்கியதை வெறும் நிர்வாக மாற்றமாக வாசிக்க முடியாது.

1863இல் கலிபோர்னியாவுக்காகப் பத்தாவது இருக்கை வந்தது. 1866இல் காங்கிரஸ் எண்ணிக்கையை ஏழாகக் குறைத்தது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனின் நியமன அதிகாரத்தை முடக்கவே இது செய்யப்பட்டது என்பது பரவலான விளக்கம். அச்சட்டத்தில் ஜான்சனே கையெழுத்திட்டார் என்பதை அந்த விளக்கம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. 1869இல் மீண்டும் ஒன்பது. கூடவே ஒன்பது சுற்றுகளுக்கும் தனித்தனிச் சுற்று நீதிபதிகள். எண்ணுக்கும் பயணத்துக்கும் இருந்த கட்டு அங்கே அவிழத் தொடங்கியது. 1891இல் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வந்தன. 1911ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சுற்று நீதிமன்றங்களையே ஒழித்தது. தலைமை நீதிபதி டாஃப்ட் பாடுபட்டுக் கொண்டுவந்த 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால், எந்த வழக்கை ஏற்பது என்பதைப் பெரும்பாலும் உச்ச நீதிமன்றமே தேர்ந்துகொள்ளும் நிலை உருவானது. காரணம் போயிற்று, எண் மட்டும் நின்றது.

அந்த எண்ணுக்குப் புனிதம் ஏறியது 1937இல். எழுபது வயதைக் கடந்தும் விலகாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஈடாக ஒருவர் வீதம், ஆறு பேர் வரை சேர்க்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் திட்டமிட்டார். அவரது கட்சியே பிளந்தது. செனட் 70க்கு 20 என்ற வாக்கில் மசோதாவைக் குழுவுக்குத் திருப்பி அனுப்பியது.

இன்று 94 மாவட்ட நீதிமன்றங்களும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் இயங்குகின்றன. சுற்றுகள் பதின்மூன்று என்பதால் நீதிபதிகளும் பதின்மூவராகட்டும் என்பது 2021இல் காங்கிரஸில் வைக்கப்பட்ட மசோதாவுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று. இது பழைய கணக்கை அதன் காரணம் இல்லாமல் கடன் வாங்குவது. இப்போது நீதிபதி சுற்றுக்குப் பயணிப்பதில்லை. அங்கிருந்து வரும் அவசர மனுக்களை முதலில் பார்ப்பதோடு சரி. தலைமை நீதிபதி ராபர்ட்ஸிடம் மட்டும் மூன்று சுற்றுகள் இருக்கின்றன.

எண்ணைக் கூட்டுவதைவிட, நீதிபதிகளுக்குப் பதினெட்டு ஆண்டுப் பதவிக்காலம் என்ற யோசனைக்கு வலு அதிகம். ஒன்பது இருக்கைகளில் இரண்டு ஆண்டுக்கு ஒன்று காலியாகும். நியமனம் மரணத்தையோ விலகும் நேரத்தையோ நம்பி இராது. 2024 ஜூலையில் அப்போதைய குடியரசுத் தலைவர் பைடன் இதை முன்வைத்தார். ஆனால் நன்னடத்தை உள்ளவரை என்ற அரசியலமைப்பு வாசகத்தைச் சாதாரணச் சட்டத்தால் தாண்ட முடியுமா? பதினெட்டு ஆண்டு முடித்தவரைக் கீழமை நீதிமன்றத்துக்கு மாற்றினால் அவர் பதவி நீடிப்பதாகவே கொள்ளலாம் என்கிறது ஒரு தரப்பு. அரசியலமைப்புத் திருத்தமே வேண்டும் என்கிறது மறு தரப்பு. திருத்தமென்றால் 50 மாநிலங்களில் 38 ஒப்ப வேண்டும். சட்டமென்றால் அது செல்லுமா என்பதை முடிவு செய்யப்போவது அதே ஒன்பது பேர்தான்.