புதுக்கோழியை மற்ற கோழிகள் கொத்துவது ஏன்? ராத்திரி கூண்டுக்குள் நடக்கும் இடச் சண்டை

சந்தையில் ஒரு நல்ல விடைக்கோழியை வாங்கி வந்து, சாயங்காலம் வீட்டுக் கோழிகளோடு சேர்த்துக் கூண்டில் அடைக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் அது மூலையில் ஒடுங்கி நிற்கிறது. கொண்டையில் ரத்தம், முதுகில் இறகு இல்லை. இரண்டு நாள் கழித்துக் கூண்டுப் பக்கமே வர மறுக்கிறது. இருட்டினால் சுவர் மேலோ விறகு அடுக்கின் மேலோ ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நாள் காலையில் இறகு மட்டும் கிடக்கிறது.

"கீரி கொண்டு போயிடுச்சு" என்று பேச்சு அதோடு முடிந்துவிடும். கீரி பகலில் வேட்டையாடும் விலங்கு. ராத்திரியில் காணாமல் போகும் கோழிக்கெல்லாம் அதைக் குறை சொல்வது நியாயமில்லை. காட்டுப்பூனை, மரநாய், தெருநாய் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கோழியை வெளியே தங்க வைத்தது இவை எதுவும் இல்லை. கூண்டுக்குள் இருந்த மற்ற கோழிகள்தான்.

யார் யாரைக் கொத்தலாம்?

ஐந்தாறு கோழி இருக்கும் எந்தக் கொல்லையிலும் ஒரு வரிசை உண்டு. முதலிடத்தில் இருக்கும் பெட்டை எல்லாரையும் கொத்தலாம். இரண்டாவது, அதைத் தவிர மற்றவர்களை. கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும், திருப்பிக் கொத்தாது. ஆங்கிலத்தில் 'பெக்கிங் ஆர்டர்' என்பார்கள். இன்று ஆபீஸ் அரசியலைப் பற்றிப் பேசவும் பயன்படும் இந்தச் சொல் உண்மையிலேயே கோழியிடமிருந்து வந்ததுதான். நார்வேயைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டருப்-எப்பே என்பவர் சிறுவனாக இருந்தபோதே, எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்று பார்த்துக் குறிப்பெடுத்தவர். பிறகு விலங்கியல் ஆய்வாளராகி 1922-ல் ஜெர்மன் மொழியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

வரிசை எப்போதும் நேர்கோடாக இருக்காது என்பதையும் அவர் கவனித்தார். கறுப்புக்கோழி செவலையை விரட்டும், செவலை வெள்ளையை விரட்டும், அந்த வெள்ளையோ கறுப்பை விரட்டும். அப்படியும் அமைவதுண்டு.

இதைக் கொடுமை என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. இடம் ஒருமுறை முடிவாகிவிட்டால் கொத்துவதே குறைந்துவிடும். தலையை உயர்த்தி ஒரு பார்வை பார்த்தால் போதும், கீழே இருப்பது தீவனத்தை விட்டு விலகிவிடும். தினமும் அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சேவல்களுக்குள் இதே போல ஒரு தனி வரிசை உண்டு.

கோழிகள் ஒன்றையொன்று முகத்தையும் கொண்டையையும் வைத்து அடையாளம் காண்கின்றன. சில வாரம் பிரிந்திருந்தால் அந்த அறிமுகம் போய்விடும். அடைகாத்துவிட்டு வரும் கோழியைக் கூட்டமே புதுசு மாதிரி நடத்துவது இதனால்தான். ஆனால் குஞ்சுகளோடு வந்தால் கதை வேறு. கடைசி இடத்தில் இருந்த பெட்டைகூட யார் கிட்டே வந்தாலும் சிலிர்த்துக்கொண்டு பாயும்.

பொழுது சாயும்போதுதான் பிரச்சனை

நாட்டுக்கோழியோ பண்ணைக்கோழியோ, எல்லாவற்றுக்கும் முக்கிய மூதாதை செங்காட்டுக்கோழி. அது ராத்திரியில் மரக்கிளையில் தங்கும். அந்தப் பழக்கம் வீட்டுக் கோழிக்கும் விடவில்லை. முருங்கை மரத்திலும் வேப்பமரத்திலும் ஏறுவது அதனால்தான். இன்னொரு விஷயம், கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. வெளிச்சம் போவதற்குள் இடம் பிடித்தாக வேண்டும்.

அதனால்தான் அடையும் நேரத்தில் அவ்வளவு சத்தம், அவ்வளவு தள்ளுமுள்ளு. உயரமான கம்பு மேலே இருப்பவர்களுக்கு. கீழே இருக்கும் கோழி ஏறப் பார்க்கும், கொத்து வாங்கி இறங்கும், மறுபடி ஏறும். அதற்குள் இருட்டிவிட்டால் தரையில் ஒடுங்கும். இல்லையென்றால் முட்டையிடும் கூடையில் போய்ப் படுத்து அதை எச்சமாக்கிவிடும்.

பகலில் கொத்து வாங்கும் கோழி ஓடித் தப்பிக்கலாம். கம்பே இல்லாத மரப்பெட்டியிலோ பஞ்சாரத்திலோ அதைப் புதுக்கூட்டத்தோடு அடைத்தால் ஓட வழி இல்லை. விடியற்காலையில் வெளிச்சம் வந்து, கதவு திறக்கும் வரை இருக்கும் அந்த நேரம்தான் ரொம்ப ஆபத்து.

இதற்கு மருந்து கூண்டில்தான் இருக்கிறது. ஒரு கோழிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் கம்பு வேண்டும். பத்துக் கோழிக்கு இரண்டு மீட்டர். ஏணி மாதிரி படிப்படியாக வைப்பது பார்க்க அழகு, ஆனால் மேல்படிக்குச் சண்டை வரும். எல்லாக் கம்பும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து இரண்டடி இருந்தால் போதும். முட்டைக் கூடை அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வாசலிலேயே ஒரு கோழி நின்று மறித்தால், இன்னொரு வழி வைப்பது நல்லது.

புதுசை எப்படிச் சேர்ப்பது?

வாங்கி வந்த அன்றே கலக்கக் கூடாது. கொத்துக்கு முன்னால் நோய் பயம் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் ஒரு கோழியோடு வந்தால் மொத்தக் கொல்லையையும் காலி செய்துவிடும். இரண்டு மூன்று வாரம் தள்ளி, தனியாக வையுங்கள். பிறகு ஒரு வாரம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம், பார்க்க முடியும், கொத்த முடியாது என்ற தூரத்தில். ஒன்றாக வாங்குவதைவிட ஒரே அளவுள்ள இரண்டாக வாங்கினால் அடி பங்காகும். தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்; ஒரே கோழியால் எல்லா இடத்திலும் காவல் நிற்க முடியாது.

"ராத்திரியில தூக்கி கம்புல வெச்சிட்டா காலையில எல்லாம் ஒண்ணாயிடும்" என்று சொல்வார்கள். பாதி உண்மை. ராத்திரி சண்டை நடக்காது, அவ்வளவுதான். விடிந்ததும் முகம் பார்த்துக் கணக்கு தொடங்கத்தான் செய்யும். வலை வழியாக அறிமுகமான கோழி என்றால் அது லேசாக முடியும்.

சின்னக் கொத்துகளில் தலையிட வேண்டாம். ரத்தம் தெரிந்தால் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைப் பார்த்தால் மற்ற கோழிகளும் அதே இடத்தில் கொத்தும், சாகும் வரை விடாது. ஒரே கோழிதான் அட்டகாசம் செய்கிறது என்றால், அடி வாங்குவதை விட்டுவிட்டு அதைச் சில நாள் தனியே அடைக்கலாம். திரும்பி வரும்போது பழைய இடம் கிடைக்காமல் போகலாம். முதலிடத்துப் பெட்டையைக் குழம்பு வைத்துவிட்டால் அமைதி வரும் என்று நினைக்காதீர்கள்; காலியான இடத்துக்குப் போட்டி தொடங்கலாம்.

பல கோழிகளுக்கு ஒரே சமயத்தில் வால்பக்க இறகு போனால் அது வரிசைச் சண்டை இல்லை. நெருக்கடி, வெயில், தீவனத்தில் புரதக் குறைவு என்று தேட வேண்டும். நேற்றுவரை கூண்டில் அடைந்த கோழிகள் எல்லாமே திடீரென்று வர மறுத்தால், கம்பின் இடுக்கையும் கூண்டின் விரிசலையும் பாருங்கள். பகலில் அங்கே ஒளிந்திருக்கும் உண்ணி ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கும்.

இருட்டிய பிறகு ஒரு டார்ச்சோடு போய் எண்ணிப் பார்ப்பதுதான் சுலபமான சோதனை. யார் கம்பில், யார் தரையில், யார் வரவே இல்லை என்று தெரிந்துவிடும். சுவர் மேல் உட்கார்ந்திருப்பதைத் தூக்கிக் கம்பின் ஓரத்தில் வையுங்கள். கண் தெரியாத நேரம் என்பதால் திமிறாது. தினமும் இப்படி வைத்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே வந்து அடையும்.