தீவுகளில் பேறுகாலத் துணை

அந்தமான் என்றதும் நம்மவர் உள்ளத்தில் 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற சிற்றறைச் சிறையே தோன்றுகிறது. நிக்கோபாரைப் பற்றிக் கேட்டால், இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டில் வரும் மாநக்கவாரத்தைச் சிலர் சுட்டுவர். சிறைக்கும் படையெடுப்புக்கும் வரலாறு எழுதியாயிற்று. அத்தீவுகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு யார் துணை நின்றனர் என்று நாம் கேட்பது அரிது.

கார் நிக்கோபாரின் ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் கடற்கரையில் 'எல்பனம்' என்னும் பொதுவிடம் இருந்தது. அங்கே பிறப்புக்கு ஒரு மனை. இறப்புக்கு மற்றொரு மனை. குடியிருக்கும் வீட்டில் இவ்விரண்டும் நிகழலாகாது என்பது அம்மக்களின் கொள்கை. ஆகவே, நாள் நெருங்கியதும் கருவுற்றவள் பிறப்பு மனைக்குச் சென்றாள். மூத்த பெண்டிர் துணையிருந்தனர். கணவனும் தன் வேலைகளை விட்டு, தானே பெற்றவன் போல் ஓய்ந்திருந்தான் என்று அத்தீவுகளைக் கண்டவர் எழுதியுள்ளனர். தலைப்பேற்றுக்கு மனைவியைத் தாய்வீட்டிற்கு அனுப்பிவிட்டுத் தந்திக்குக் காத்திருந்த நம் ஆடவர் இதைக் கேட்டு நகைத்திருக்கலாம். நமக்கோ நகைக்கத் தோன்றவில்லை.

சென்னையில் பிள்ளைப்பேற்று மருத்துவமனை 1844-இல் தோன்றியது. மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு 1854-இல் அரசு இசைவளித்தது. அப்பயிற்சி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைத் தாண்டிக் காட்டுக் குடிகளைச் சேர நெடுங்காலம் ஆயிற்று. சின்ன அந்தமானில் வாழும் ஓங்கேயர் 1901-ஆம் ஆண்டுக் கணக்கில் 672 பேர். 2001-இல் 96 பேர். நூறுக்கும் குறைந்த ஒரு குலத்தில் ஒரு குழந்தை பிழைப்பதும் இறப்பதும் அக்குலத்தின் கணக்கையே மாற்றும்.

அவர்கள் வாழும் டுகாங் கிரீக்கில் பணியேற்றவர் சாந்தி தெரேசா லக்ரா. துணைச் செவிலியும் மருத்துவச்சியுமாகிய பதவி அவருடையது. 'செவிலி' என்னும் சொல்லை மொழிபெயர்ப்பில் நாம் நாள்தோறும் கையாள்கிறோம். பண்டை அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். ஊதியம் பெறும் பணியாளர் அல்லள். லக்ராவின் பணியை நோக்கின் பழம்பொருளும் பொருந்துகிறது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அக்குடியிருப்பை அழித்தது. காட்டின் மேட்டுப்பகுதிக்கு ஏறி ஓங்கேயர் உயிர் தப்பினர். கரை திரும்பி வேறிடம் கேட்டுப் பெறாமல், லக்ராவும் அவர்களுடன் காட்டிலேயே தங்கிப் பணிபுரிந்தார். 2011-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விருது உயர்ந்ததே, மொழியும் வழக்கமும் வேறான பெண்கள் தம் உடலைத் தொட அவரை இசைந்தனரே, அதை நாம் அதனினும் பெரிதாக மதிக்கிறோம்.

அதே அலை கார் நிக்கோபாரின் கரையூர்களையும் வாரிச் சென்றது. உயிர் பிழைத்தோர் உள்நிலத்தில் குடியமர்ந்தனர்.

கச்சால் தீவின் நிலை நம்மவர்க்கு இன்னும் நெருங்கியது. 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. பெரிய மருத்துவமனை இருப்பதோ, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரில். இடையே கடல்; காற்று மிகுந்தால் படகு புறப்படாது. எனவே அத்தகைய தீவில் செவிலியின் முதற்கடமை, வலி காணும்வரை காத்திராமல், சிக்கல் நேரக்கூடியவளை நாள் எண்ணி முன்னரே கப்பலேற்றி விடுவதாகும்.