காந்தளூர்ச்சாலையும் விக்கிப் பக்கமும்

குமரி மாவட்டத்தில் முன்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் என்று ஓர் ஊர். (கண்டிப்பாகப் பார்த்தால் இது நாஞ்சில் நாடு இல்லை, விளவங்கோடு பக்கம். நாகர்கோவில்காரர்கள் கோபிக்க வேண்டாம்.) கி.பி. 866-ல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் அங்கே விஷ்ணு கோயில் எடுத்து, 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும் ஏற்படுத்தினான். செப்பேட்டில் விதிமுறைகள் கூட இருக்கின்றன. சேர வருபவருக்கு இலக்கணமும் மீமாம்சையும் தெரிந்திருக்க வேண்டும். சண்டை போட்டால் அபராதம். கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. இன்றைய ஹாஸ்டல் வார்டன்கள் தோற்றார்கள், போங்கள்!

இந்தச் சாலைக்கு முன்மாதிரி காந்தளூர்ச்சாலை என்றும் அதே செப்பேடு சொல்கிறது. அதைப்பற்றி ப்ராஜக்ட் எழுதும் மாணவர் எங்கே போவார்? செப்பேட்டை கோபிநாதராவ் பதிப்பித்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை ஆங்கிலத்தில் இருக்கிறது. அது மாதிரி நூல்களை நூலகங்கள் பெரும்பாலும் வீட்டுக்குத் தருவதில்லை. கூகிளில் தட்டினால் விக்கிப்பீடியா வந்துவிடும்.

வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை 1995-ல் தொடங்கினார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. விக்கிப்பீடியா 2001-ல் வந்தது, தமிழில் 2003-ல். தொடக்க காலத்தில் ஏராளமான கட்டுரைகளை எழுதிக் குவித்தவர் இலங்கைத் தமிழரான மயூரநாதன். அதற்கு முன் தமிழில் இருந்த பெரிய முயற்சி பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த கலைக்களஞ்சியம். 1954-ல் தொடங்கி 1968-ல்தான் 10 தொகுதிகளும் முடிந்தன. அச்சில் ஒரு பிழை புகுந்தால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். விக்கியில் பிழை ஐந்து நிமிடத்தில் போய்விடும். ஐந்து நிமிடத்தில் வந்தும் விடும்!

உதாரணம் வேண்டுமா? காந்தளூர்ச்சாலைக்கு இணையத்தில் 'தென்னாட்டு நாளந்தா' என்று ஒரு பட்டம் சுற்றுகிறது. செப்பேட்டில் அது கிடையாது. ராஜராஜ சோழன் அங்கே 'கலமறுத்தான்' என்று அவன் மெய்க்கீர்த்தி சொல்வதிலும் இதே கதைதான். கலம் என்றால் கப்பல், சேரர் கப்பற்படையை அழித்தான் என்பது ஒரு தரப்பு. இல்லை, அது உண்கலம், சாலையின் சாப்பாட்டு ஏற்பாட்டில் கை வைத்தான் என்பது இன்னொரு தரப்பு. இடம் எது என்பதிலும் ஒற்றுமை இல்லை. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்கென்றே தனி நூல் எழுதினார். இத்தனை வழக்கும் ஒரே வரியில் சுருங்கி அசைன்மெண்டில் ஏறும்போது, கப்பல் மட்டும்தான் மிஞ்சுகிறது.

ஆனால் ஓர் அச்சு நூல் தராத வசதி விக்கியில் உண்டு. 'வரலாறு', 'உரையாடல்' என்ற இரண்டு இணைப்புகளைச் சொடுக்கினால் எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள், யார் ஆட்சேபித்தார்கள் என்பது தெரியும். பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை. 2022-ல் எழுத்தாளர் ஜெயமோகன் முன்னெடுப்பில் தொடங்கிய தமிழ் விக்கி வேறு வழியில் போனது. அங்கே கண்டவரும் திருத்த முடியாது, பதிவுகளை ஆசிரியர் குழு சரிபார்க்கிறது. குமரி மாவட்டக் கோயில்கள் பற்றிய பதிவுகளில் உசாத்துணைப் பகுதியைப் பாருங்கள், அ.கா.பெருமாள் நூலின் பெயர் அடிக்கடி வரும். மாணவருக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பகுதிதான். அங்கிருந்து நூலகத்துக்குப் போகலாம்.

நூலகத்திலிருந்து விக்கிக்கும் வரலாம். கவிமணி மறைந்தது 1954-ல். இந்தியச் சட்டப்படி 60 ஆண்டுக் காப்புரிமை 2014-ஓடு முடிந்தது. அவர் வாழ்ந்தபோது வெளியான நூல்களை ஸ்கேன் செய்து விக்கிமூலத்தில் ஏற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நூலகத்தில் ஒரு பிரதி, ஒரு ஸ்கேனர், மெய்ப்புப் பார்க்க நான்கு மாணவர்கள்!