கொழும்பில் இடம் கிடைக்காதவை

1805-ஆம் ஆண்டு இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்திறங்கிய தோமஸ் மெயிட்லண்ட் கல்யாணம் ஆகாதவர். ஏழு வருடத்துக்கு முன்புதான் ஹெயிட்டியில் துசேன் லூவெர்த்தூருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, பிரிட்டிஷ் படையை மூட்டை கட்ட வைத்திருந்தார். கணக்கில் கெட்டிக்காரர், கறார் பேர்வழி. முன்பிருந்த தேசாதிபதி நோர்த் விட்டுப்போன செலவுக் குளறுபடிகளை வெட்டிச் சீராக்குவதுதான் அவருக்கு முதல் வேலையாக இருந்தது. சிக்கனம் பேச வந்த அந்த மனிதருக்கு, கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த ஒரு கரும்பாறைக் குன்றின்மேல் கண் விழுந்தது.

சுற்றிலும் தென்னந்தோப்பு, நாலைந்து மீனவர் குடிசைகள், காலிக்குப் போகும் பாதை. அவ்வளவுதான் ஊர். குன்றின் உச்சியில் மெயிட்லண்ட் ஒரு வீடு கட்டிக்கொண்டார். கோட்டைக்குள்ளிருந்த புழுக்கத்துக்குக் கடற்காற்று மருந்து என்பது வெளியே சொன்ன காரணம். ஊரார் வேறொரு காரணம் வைத்திருந்தார்கள்.

தேசாதிபதியை வரவேற்க நடந்த விருந்தில் ஒரு நாட்டியக் குழு ஆடியது. அதில் ஒருத்தி பறங்கிக் கலப்பு. தாய்வழியில் ரொடியா, அதாவது அந்தக் காலத்தில் யாரும் வாசலில் ஏற்றாத சாதி. அவளைப் பார்த்த இடத்தில் மெயிட்லண்ட் விழுந்தார் என்பது கதை. பகலில் அரண்மனை வாசலை மிதிக்க முடியாதவளுக்கு இரவில் ஒரு வழி வேண்டியிருந்தது. தேசாதிபதியின் மதுக் கிடங்கிலிருந்து அவள் வீட்டருகே இருந்த பாழுங்கிணறுவரை பூமிக்கடியில் ஒரு சுரங்கம் வெட்டப்பட்டதாம். இதற்குக் கல்வெட்டும் கிடையாது, கடிதமும் கிடையாது. ஆனாலும் இருநூறு வருடமாக அந்தச் சுரங்கத்தை யாராலும் கதையிலிருந்து தூர்க்க முடியவில்லை. 1811-இல் மெயிட்லண்ட் கப்பலேறினார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமலே 1824-இல் மால்டாவில் செத்துப்போனார். வீடு மட்டும் குன்றின்மேல் நின்றது, அடுத்து வரும் தேசாதிபதிகளின் ஆசைக்குக் காத்துக்கொண்டு.

ஆசைப்பட்டவர் எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூவில் காயம்பட்ட தளபதி, கண்டிக்கு வீதி போட்டவர். வீதிக்குக் காட்டிய அதே வேகத்தை வீட்டுக்கும் காட்டினார். தூண்கள், விறாந்தைகள், விருந்து மண்டபம் என்று பழைய வீடு மாளிகையாகப் பருத்தது. செலவைப் பார்த்து இலண்டன் முகம் சுளித்தது. காலனி தேசாதிபதிக்குக் கடற்கரையில் இன்னொரு அரண்மனை எதற்கு? 1842-இல் மாளிகை விலைக்கு வந்தது. வாங்கியவர் படைத்தலைவரும் இல்லை, தோட்ட முதலாளியும் இல்லை. மக்விகர் என்ற பாதிரியார். காதல் சுரங்கம் ஓடியதாகச் சொல்லப்பட்ட வீட்டில் வேதாகமம் ஒலிக்கலாயிற்று. அப்படியே விட்டிருந்தால் அது ஒரு பழைய பங்களாவாகப் பாசி படிந்து முடிந்திருக்கும்.

முடியவிடாமல் செய்தது இரும்பு. 1877-இல் கொழும்பிலிருந்து தெற்கே வந்த புகையிரதப் பாதை, அலை நனைக்கும் தூரத்தில், கரையை ஒட்டியே ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் உப்பு படியும். மாட்டு வண்டியில் அரை நாள் குலுங்கிப் போன இடம், ரயிலில் ஒரு மாலைப் பொழுதுக்குள் போய்வரும் தூரமாகச் சுருங்கியது. மாளிகை ஓட்டலானது. சனி, ஞாயிறென்றால் கொழும்பு வெள்ளைக்காரரும் பறங்கியரும் குன்றேறினார்கள். வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகாமல் தென்னந்தோப்பில் நிலம் வாங்கினார்கள். அடுத்து ஒரு பள்ளிக்கூடமே குடிபெயர்ந்து வந்தது.

அதைத் துரத்தியது கரி. 1851 முதல் முகத்துவாரத்தில் நடந்துவந்த புனித தோமையார் கல்லூரிக்குப் பக்கத்தில் கொழும்புத் துறைமுகம் வளர்ந்தது. நீராவிக் கப்பல்களுக்கு ஏற்றும் நிலக்கரியின் தூள் காற்றோடு வந்து வகுப்பறையிலும் விடுதியிலும் பிள்ளைகளின் நெஞ்சிலும் படிந்தது. பின்னாளில் பிரதமராகவும் தமிழர் தலைவராகவும் ஒரே ஒப்பந்தத்தில் எதிரெதிரே கையெழுத்திட்ட பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் அந்தக் கரித்தூள் காலத்து மாணவர்கள்தான். 1918-இல் கல்லூரி நல்ல காற்றைத் தேடித் தெற்கே வந்து, கடலைப் பார்த்த ஒரு மைதானத்தில் உட்கார்ந்தது. பிள்ளைகளை அடுத்து வந்தவை நாலுகால் பிராணிகள்.

ஹம்பர்க் நகரின் ஹாகன்பெக் குடும்பத்துக்கு உலகம் முழுக்க மிருக வியாபாரம். அதில் ஒருவரான ஜோன் ஹாகன்பெக் இலங்கையிலேயே தங்கிவிட்டவர். முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன்காரர் என்பதால் நாட்டை விட்டே போக நேர்ந்தது. மனம் கேட்காமல் 1920-களில் திரும்பி வந்து, குன்றுக்குப் பக்கத்துத் தெகிவளையில் மிருகங்களைச் சேர்த்துவைக்க ஓர் இடம் பிடித்தார். ஐரோப்பாவுக்குக் கப்பலேறும்வரை யானைகளும் பாம்புகளும் காத்துக்கிடந்த அந்தத் தோட்டம் மெல்லக் காட்சிசாலையானது. 1936-இல் நிறுவனம் நொடித்துப்போனது. காத்துக்கிடந்தவற்றுக்குக் கப்பலும் இல்லை, முதலாளியும் இல்லை. அரசாங்கம் அத்தனையையும் வாங்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பு பார்க்க வந்த பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு, வாலைத் துதிக்கையால் பிடித்து வரிசையாக வந்து மவுத் ஆர்கன் ஊதிய தெகிவளை யானைகள்தான் தலைநகரம்.

அதற்குள் வானமும் திறந்திருந்தது. கொழும்புக்குள் ஓடுபாதைக்கு இடமில்லை, பக்கத்து இரத்மலானையில் இருந்தது. 1935 நவம்பர் 27 அன்று அங்கே முதலில் இறங்கிய சிறு விமானம் சென்னையிலிருந்து வந்தது. ஓட்டியவர் மெட்ராஸ் பறக்கும் கழகத்தின் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் அதே ஓடுபாதையில் எழும்பி, காங்கேசன்துறையைத் தொட்டுச் சென்னைக்குப் போனது. சினிமாவும் விடவில்லை. டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்துக்காக வந்து, மெயிட்லண்டின் மாளிகையை இராணுவ ஆஸ்பத்திரியாக்கினார். 1957-இல் படம் வெளியாகி ஆஸ்கரும் வாங்கியது.

காலி வீதியின் இருபுறமும் வீடு முளைத்தபடி இருந்தது. சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், பறங்கியர் என்று எல்லாரும் வந்தார்கள். தெகிவளை நெதிமாலையில் வேங்கடேசப் பெருமாள் கோயில் கொண்டார். கரகம்பிட்டிய பௌத்த விகாரையிலோ ஏற்கெனவே விக்டோரியா மகாராணியின் உருவமே ஏறியிருந்தது. 1959-இல் தெகிவளையையும் குன்றின் ஊரையும் ஒன்றாகக் கட்டி ஒரு மாநகரசபை பிறந்தது. கொழும்பை அடுத்து நாட்டின் பெரிய மாநகரம் என்ற பெயர் நெடுங்காலம் அதற்கு இருந்தது.

இடம் கொடுத்த ஊர் சில நாட்களில் இடத்தைப் பறிக்கவும் செய்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்த தமிழர்கள் இரத்மலானை விமானக் கொட்டகைகளில் படுத்துறங்கி, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். 1996 ஜூலை 24 அன்று தெகிவளை நிலையத்தில் ரயிலில் வெடித்த குண்டுகள், வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 64 பேரைக் கொன்றன. அதற்குப் பிறகும் மாலை ரயில் அதே தண்டவாளத்தில், அதே உப்புக்காற்றில் வந்தது. தமிழர்களும் பக்கத்து வெள்ளவத்தையிலிருந்து வழிந்து தெகிவளைக்குத் திரும்பினார்கள்.

அந்த ரயில் அடுத்துப் போய் நிற்கும் பெரிய நிலையம்தான் குன்றின் ஊர். சுரங்கத்தை எப்போதோ அடைத்துவிட்டார்கள். ஆடியவளுக்கு ஓட்டல் முற்றத்து நீரூற்றில் ஒரு சிலை மிஞ்சியது. அவள் பெயர் லொவினா அப்பொன்சுவா என்கிறார்கள். அப்படி ஒருத்தியே இல்லை, பாறையில் கூடிய ‘லிஹினியா’ என்ற கடற்பறவையின் சிங்களப் பெயர்தான் வெள்ளைக்காரர் வாயில் திரிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. என் ஓட்டு பறவைக்கு. ஆனால் சிலை பறவைக்கு வைக்கப்படவில்லை. நிலையத்துப் பெயர்ப் பலகையில் சிங்களத்தில் கல்கிஸ்ஸ, தமிழில் கல்கிசை. இரண்டிலும் இருப்பது அந்தக் கரும்பாறையின் கல். ஆங்கிலத்தில் மட்டும் மவுண்ட் லவீனியா.