ரக்பி: 9, 10-ஆம் எண் சட்டை யாருக்கு? தேசிய அணிக்கு 'ஹாஃப்-பேக்' வீரர்களைத் தேர்வு செய்வது எப்படி?

'விஸ்வரூபம்' படத்தில் கமல்ஹாசனை எதிர்த்து நின்ற ஒமரை நினைவிருக்கிறதா? அந்த வேடத்தில் நடித்த ராகுல் போஸ், இந்திய ரக்பி அணிக்கும் ஆடியவர். 1998-இல் இந்தியா முதன்முதலாக சர்வதேசப் போட்டியில் இறங்கியபோது அணியில் இருந்தார். ஸ்க்ரம்-ஹாஃப், வலது விங் ஆகிய இடங்களில் ஆடினார். பின்னாளில் இந்திய ரக்பி சங்கத்தின் தலைவரும் ஆனார்.

"ரக்பியா? அதுக்கு மலை மாதிரி உடம்பு வேணுமே" என்று பலரும் நினைக்கிறார்கள். உயரம் குறைந்த பிள்ளைகள் மைதானத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுவதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம். ஆனால் ஆட்டத்தை நடத்தும் இரண்டு இடங்களுக்கு உடம்பு முதல் தகுதி அல்ல.

ஹாஃப்-பேக் என்றால் யார்?

ரக்பி யூனியன் அணியில் 15 பேர். அதில் 8 பேர் முன்வரிசை ஃபார்வர்டுகள், 7 பேர் பின்வரிசை. இந்த இரண்டு கூட்டத்தையும் இணைப்பவர்கள்தான் ஹாஃப்-பேக்குகள்.

9-ஆம் எண் ஸ்க்ரம்-ஹாஃப். இரு தரப்பும் முட்டி மோதும் குவியலிலிருந்து பந்தை எடுத்து வெளியே கொடுப்பவர். 10-ஆம் எண் ஃப்ளை-ஹாஃப். அந்தப் பந்தை வாங்கி, ஓடுவதா, பாஸ் கொடுப்பதா, உதைப்பதா என்று நொடியில் முடிவெடுப்பவர்.

9-ஆம் எண்ணில் என்ன பார்க்கிறார்கள்?

முதலில், கை. தரையில் கிடக்கும் பந்தை எடுத்து, ஓர் அடிகூடப் பின்வாங்காமல் அப்படியே வீச வேண்டும். வலது, இடது இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில். ஒரு பக்கம் மட்டும் நன்றாக வீசுபவரை எதிரணி சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது, கால். பந்து எங்கே விழுந்தாலும் அங்கே முதலில் போய்ச் சேர வேண்டும். பந்து கைக்கு எட்டும் நிலைக்கு வந்ததும் நடுவர் 'ஆடு' என்று குரல் கொடுப்பார். அதிலிருந்து 5 நொடிகள்தான்.

மூன்றாவது, வாய். தன்னைவிட 40 கிலோ அதிகமான ஃபார்வர்டுகளை "இங்க வா, அங்க போ" என்று விரட்டி வேலை வாங்குபவர் இவர்தான்.

உயரம்? தென்னாப்பிரிக்காவின் ஃபாஃப் டி க்ளெர்க் சுமார் 170 செ.மீ., பிரான்ஸின் அந்துவான் துபோன் சுமார் 174 செ.மீ. இருவரும் உலகத் தரத்தின் உச்சியில் நின்றவர்கள்.

10-ஆம் எண்ணில்?

பாஸும் உதையும் அடிப்படை. அதற்கு மேல், எதிரணியின் தடுப்பு வரிசையில் எங்கே ஓட்டை விழுகிறது என்பதைப் பந்து வருவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். டேக்கிளும் தெரிந்திருக்க வேண்டும். எதிரணி தன் கனமான ஆட்களை வேண்டுமென்றே இவர் மீதுதான் ஓட விடும்.

கோல் உதையையும் பெரும்பாலும் இவரே எடுப்பார். ட்ரை 5 புள்ளி, அதன்பின் வரும் உதை 2, பெனால்டி 3. இந்தச் சின்ன எண்கள் எவ்வளவு பெரியவை என்பது இந்தியாவுக்குத் தெரியும். 2019-இல் மணிலாவில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21–19 என வென்றது. 15 பேர் ஆட்டத்தில் அவர்களின் முதல் சர்வதேச வெற்றி. ஒடிசாவின் சுமித்ரா நாயக் உதைத்த பெனால்டிதான் அதை உறுதி செய்தது.

தனித்தனியா, ஜோடியா?

"நாட்டிலேயே சிறந்த 9, சிறந்த 10, இருவரையும் எடுத்தால் போதுமே" என்று தோன்றலாம். போதாது. 10 எவ்வளவு ஆழத்தில் நிற்பார், எந்த வேகத்தில் வருவார் என்பதைப் பார்க்காமலே 9 பந்தை வீச வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் கிரேகனும் ஸ்டீபன் லார்க்கமும் 79 டெஸ்ட்களில் ஜோடியாக ஆடினார்கள். அந்தப் பழக்கத்தை ஒரு வார முகாமில் உருவாக்க முடியாது.

மாற்று வீரர் கணக்கும் உண்டு. 2023 உலகக் கோப்பைக்கு தென்னாப்பிரிக்கா 4 ஸ்க்ரம்-ஹாஃப்களைக் கொண்டு சென்றது. ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் காயமடைந்தபோது, அவருக்குப் பதிலாக இன்னொரு ஹூக்கரை அல்ல, ஃப்ளை-ஹாஃப் ஹான்ட்ரே பொல்லார்டை அழைத்தது. நியூசிலாந்துடனான இறுதிப் போட்டி 12–11. அந்த 12 புள்ளிகளும் பொல்லார்டின் உதைகள். அதே போட்டியில் பெஞ்சில் மாற்று ஸ்க்ரம்-ஹாஃப் ஒருவர்கூட இல்லை! துணிச்சலான தேர்வு, பலித்தது.

இந்தியாவுக்கு என்ன சிக்கல்?

ஒலிம்பிக்கில் இருப்பது 7 பேர் ஆடும் 'செவன்ஸ்'. இந்தியாவின் கவனமும் பெரும்பாலும் அதில்தான். 2025-இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கும் செவன்ஸ்தான். சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்றது.

செவன்ஸ் 14 நிமிட ஆட்டம். இடம் நிறைய, வேகம் முக்கியம். 15 பேர் ஆட்டம் 80 நிமிடம். எப்போது வேகம் கூட்டுவது, எப்போது உதைத்து மூச்சு வாங்குவது என்ற நிதானம் ஆடி ஆடித்தான் வரும். உதையும் வேறு. செவன்ஸில் ட்ரைக்குப் பிந்தைய உதையை பந்தைத் தரையில் விட்டு எழும்போது அடிக்க வேண்டும். 15 பேர் ஆட்டத்தில் தாங்கியில் வைத்து நிதானமாக உதைக்கலாம். துபோன் போன்றவர் 15-இல் தேர்ந்து, பிறகு செவன்ஸுக்கு வந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். நம் வீரர்கள் பலருக்குப் பாதை தலைகீழ். 15 பேர் ஆட்டங்கள் குறைவாக இருக்கும்வரை, தேர்வாளர்கள் பார்ப்பது திறமையின் பாதியைத்தான்.

புனேவில் இருந்து பார்த்தால்?

இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய வஹ்பிஸ் பரூச்சா புனேக்காரர். 2012-இல் ஆசியப் பெண்கள் செவன்ஸ் போட்டி நடந்ததும் இதே ஊரில்.

அடுத்த முறை நீங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு ரக்பி ஆட்டம் பார்த்தால், வேகமாக ஓடும் பிள்ளையோடு நிறுத்திவிடாதீர்கள். ஆட்டத்தின் கடைசி 10 நிமிடங்களில், எல்லோரும் களைத்து நிற்கும்போது, யார் இன்னும் கத்தி ஆட்களை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு ஆசை இருந்தால், சுவரில் ஒரு குறி போட்டு இரண்டு பக்கமும் பாஸ் பழகச் சொல்லுங்கள். இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக.